வாவிக்கரை மனையும் காப்புறுதியும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதன் உறையும் மனை ஒன்று. பிறவித் துன்பத்தினின்றும் பெறும் விடுதலை மற்றொன்று. இரண்டாவதாகிய வீட்டைப் பற்றி ஆன்றோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். செங்கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆகிய முதலாவது வீட்டைப் பற்றிய ஆராய்ச்சி அத்துணை விரிந்ததன்று. ஆயினும், இல்வாழ்வான் ஒருவன் தன் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிடுவது இம்மனையின் பொருட்டேயாகும். அம்மனை ஒரே இரவில் அழியுமாயின் அவன் யாது செய்வான் என்னும் வினா பொருளியலுக்கும் உரியது, இல்லறத்துக்கும் உரியது. அவ்வினாவை மட்டக்களப்பு வாவிக்கரையின் நிலைமைகளோடு பொருத்தி நோக்கி, வீட்டுக் காப்புறுதியின் தேவையையும் தன்மையையும் எல்லைகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயலும் காடுமாகப் பரந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு மக்கள் இட்ட பெயர்கள் இவை. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் எழுவான்கரையிலும், கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலியன படுவான்கரையிலும் அமைந்துள்ளன. நகரின் பழைய நடுவிடமாகிய புளியந்தீவு நாற்புறமும் வாவி சூழ்ந்தது. எழுவான்கரை மனைக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. படுவான்கரை மனைக்கு மேற்கிலிருந்து வரும் ஆற்று வெள்ளம் ஒருபுறம். அவ்வெள்ளம் வடிய வேண்டிய வாவி மறுபுறம். வடகீழ்ப் பருவக்காற்று மழையால் வாவி நிரம்பும்போது, முகத்துவாரத்து மணற்றடையை வெட்டி நீரைக் கடலுக்கு விடுதல் இப்பகுதியின் நெடுங்கால வழக்கம். வெட்டும் காலம் பிந்துமாயின், தாழ்ந்த ஊர்களில் நீர் வீட்டுவாசலைக் கடந்து உள்ளே புகும். இங்கு மனை கட்டுவோன் நீரையும் காற்றையும் அயலாராகக் கொண்டே கட்டுகின்றான்.

அம்மனை எத்தகைய உடைமை என்பதும் அறியற்பாலது. கீழ்க்கரையில் வாழும் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடிமரபு தொன்றுதொட்டு வழங்கி வருவது. மணமானபின் மணமகன் மணமகளின் வீட்டிற் சென்று வாழ்தல் இம்மரபின் இயல்பு. ஆதலின் பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வீடு அமைத்துக் கொடுத்தல் பெற்றோரின் தலையாய கடமையாகக் கருதப்படுகின்றது. தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்ட முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், திருமண உரிமையையும் மரபுரிமையையும் பற்றிய பொதுவிதிகளை வகுத்து, முக்குவர் சட்டத்தின் இடத்தைத் தான் கொண்டது. சட்டம் மறைந்தது; வழக்கம் மறைந்திலது. இன்றும் மூத்த மகளுக்கு வீட்டைச் சீதன உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு புறத்திலோ அண்மையிலோ சிறு மனையொன்றிற் பெற்றோர் குடியேறுதலையும், இளைய மகளுக்கென மறுபடியும் அடித்தளம் இடுதலையும் இப்பகுதியிற் காணலாம். இதற்கு வேண்டிய பொருள் வயல் விளைவிலிருந்தும், வாவி மீனிலிருந்தும், மாதச் சம்பளத்திலிருந்தும், அண்மைத் தலைமுறைகளில் மத்திய கிழக்கு நாடுகளிற் பெண்கள் செய்யும் தொழிலிலிருந்தும் சிறுகச் சிறுகச் சேர்கின்றது. ஒரு வீடு முற்றுப்பெறப் பத்தாண்டும் ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம்.

எனவே வாவிக்கரையில் ஒரு வீடு அழியுமாயின் அழிவது கட்டடம் மாத்திரமன்று. மணமான மகளின் சீதனம் அழிகின்றது. அவள் தன் இல்லத்திற் பெற்றிருந்த உரிமை நிலை தளர்கின்றது. தங்கைக்கென ஒதுக்கிய பணம் தமக்கையின் கூரைக்குச் செல்கின்றது. தங்கையின் மணம் ஆண்டுக்கணக்கிற் பின்தள்ளப்படுகின்றது. முதுமையில் ஓய்ந்திருக்க வேண்டிய தந்தை மீண்டும் கடன்பத்திரத்திற் கையொப்பமிடுகின்றான். ஓர் இரவின் இழப்பு இரு தலைமுறைகளின் மேல் வந்து விழுகின்றது.

இத்தகைய இரவுகள் இப்பகுதிக்குப் புதியனவல்ல. 1957 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பெருவெள்ளம் முதியோர் பலரின் நினைவில் நெடுங்காலம் நின்றது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு கீழ்க்கரையைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறக்குறைய 2,50,000 கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் தென்னை பெருமளவில் வீழ்ந்தது. அஃது அம்மாவட்டத்துத் தென்னையிற் பத்தில் ஒன்பது பங்காகும். நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது அழிந்தன. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையோரத்தையும் சில நிமிடங்களில் வெறுநிலமாக்கிற்று. நாடு முழுவதிலும் அன்று மாண்டோரும் காணாமற்போனோரும் 35,000 பேருக்கு மேற்படுவர். 2011 ஆம் ஆண்டு சனவரியிலும் பெப்ரவரியிலும் இருமுறை பெருவெள்ளம் வந்தது. 2024 ஆம் ஆண்டு நவம்பரிலும் கீழ்மாகாணத்தின் தாழ்நிலங்கள் நீரில் ஆழ்ந்தன. ஒரு வீட்டின் ஆயுள் ஐம்பது ஆண்டு எனக் கொள்ளின், அவ்வாயுளில் ஒரு பெருங்கேட்டையேனும் அது காணும் என்று எதிர்பார்த்தல் மிகையாகாது.

இவ்விடர்களை மக்கள் இதுகாறும் எவ்வாறு எதிர்கொண்டனர்? அதற்கெனக் காப்புறுதி நிலையங்களை அவர்கள் நாடியது குறைவு, உறவையே நாடினர். ஒருவன் வீட்டிற் கூரை எரிந்தால் அயலார் கிடுகும் கம்பும் கொணர்ந்து இரண்டு நாளில் வேய்ந்து கொடுப்பர். குடியினர் நெல் கொடுப்பர். கோயிலில் சோறு கிடைக்கும். சீட்டுப் பிடிப்போர் அவனுக்கு முறை முந்தக் கொடுப்பர். நகைகளை அடகு வைத்துக் கைமாற்றுக் கொடுக்கும் மைத்துனரும் உளர். இவ்வுதவி முறை மிகச் சிறந்தது. ஒருவனுடைய இழப்பைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்து கொள்ளல் என்னும் கொள்கை இதனுள் முழுமையாக அமைந்து கிடக்கின்றது. காப்புறுதியின் கருவும் இதுவே.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. உதவுவோன் நிலைத்து நிற்கும்போதே உதவி நிகழும். ஒரு வீடு எரிந்தால் ஊர் உதவும். ஊர் முழுவதும் நீரில் மூழ்கினால் யார் யாருக்கு உதவுவர்? 1978 ஆம் ஆண்டில் அண்ணன் வீட்டுக் கூரை பறந்த அதே இரவில் தம்பி வீட்டுக் கூரையும் பறந்தது. வேய்தற்குக் கிடுகு தரவேண்டிய தென்னையும் வீழ்ந்தது. பசியாற்ற வேண்டிய நெற்களஞ்சியமும் இடிந்தது. 2004 ஆம் ஆண்டில் கரையோரக் குடும்பங்களின் உறவினருட் பெரும்பாலோர் அதே கரையோரத்திலேயே வாழ்ந்தனர்; தாய்வழி மரபிற் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து அமைதலே இயல்பாதலின், ஒரு தாயின் மக்கள் அனைவரும் ஒரே அலையில் வீடிழந்தனர். உறவின் நெருக்கம் சிறு துன்பத்துக்கு மருந்து. பெருந்துன்பத்தில் அந்நெருக்கமே இழப்பை ஓரிடத்திற் குவிக்கின்றது. ஆகவே இழப்பைப் பகிர்ந்து கொள்ளும் கூட்டம் வாவியின் எல்லையைத் தாண்டி விரிதல் வேண்டும். காப்புறுதியின் தேவை இவ்விடத்தில் தெளிவாகின்றது.

அதன் இயக்கத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். தலா 50 இலட்சம் ரூபா பெறுமதியான ஆயிரம் வீடுகள் உள்ளன எனவும், ஆண்டுக்குச் சராசரி ஒரு வீடு தீயால் முற்றாக அழிகின்றது எனவும் கொள்வோம். எந்த வீடு அழியும் என்பது எவருக்கும் தெரியாது. ஒன்று அழியும் என்பது அனைவருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 5,000 ரூபா செலுத்தினால் 50 இலட்சம் சேரும். வீடிழந்தவன் மீண்டும் கட்டுவான். ஏனையோர் இழந்தது 5,000 ரூபாவே. நடைமுறையில் நிருவாகச் செலவும் ஒதுக்க நிதியும் இலாபமும் சேர்வதால் கணக்கு வேறுபடும், கொள்கை வேறுபடாது. அவ்வாறு செலுத்தும் தொகை கட்டுப்பணம் எனப்படும். இனி அவ்வாயிரம் வீடுகளும் ஒரே கடற்கரையில் இருப்பின், ஓர் அலை அனைத்தையும் கொண்டு போகும். சேர்த்த நிதி ஒரு வீட்டுக்கே போதும். ஆகையாற் காப்புறுதி நிலையம் மட்டக்களப்பு வீட்டோடு கண்டி வீட்டையும், காலி வீட்டையும், யாழ்ப்பாணத்து வீட்டையும் சேர்த்து எடுத்துக் கொள்கின்றது. அதுவும் போதாதெனக் கண்டு, தான் ஏற்ற இடரின் ஒரு பகுதியை வெளிநாட்டு நிலையங்களுக்குக் கட்டுப்பணம் கொடுத்து ஒப்படைக்கின்றது. இதனை மீள்காப்புறுதி என்பர்.

இவ்வறிவு மனிதருக்கு அழிவின் வாயிலாகவே வந்தது. 1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ ஏறக்குறைய 13,200 வீடுகளை எரித்தது. அதன்பின்னரே அந்நகரில் வீடுகளுக்குத் தீக்காப்புறுதி அளிக்கும் நிலையங்கள் தோன்றின. 1842 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர் எரிந்தபோது, அந்நகர் வீடுகளையே பெரிதும் ஏற்றிருந்த காப்புறுதி நிதியால் இழப்பைத் தாங்க இயலவில்லை. ஓரூரின் இடரை அவ்வூரே சுமத்தல் ஆகாது என்னும் பாடம் அன்று கற்கப்பட்டது. 1846 ஆம் ஆண்டில் கொலோன் நகரில் மீள்காப்புறுதிக்கெனவே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. ஹாம்பர்க் நகரத்தார் தீயாற் கற்றதும் வாவிக்கரையார் காற்றாலும் நீராலும் கற்றதும் ஒரே பாடமாகும்.

இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, 1962 ஆம் ஆண்டு முதல் ஆயுட் காப்புறுதியும், 1964 ஆம் ஆண்டு முதற் பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. பின்னர் எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் நிலையங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலை மேற்பார்வை செய்யும் அமைப்பை நிறுவிற்று. காப்புறுதி என்னும் எண்ணமும் வாவிக்கரையாருக்கு அயலானதன்று. நெற்பயிர்க் காப்புறுதி இந்நாட்டில் 1958 ஆம் ஆண்டிலேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் வைத்திருப்போர் அனைவரையும் மூன்றாம் ஆள் காப்புறுதி செய்யக் கட்டாயப்படுத்துகின்றது. ஆகவே வயலுக்குக் காப்புறுதி உண்டு. திண்ணையில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. அத்திண்ணையையுடைய வீட்டுக்கு இல்லை என்னும் நிலை பல இல்லங்களிற் காணப்படுகின்றது. சட்டம் கேட்பதைச் செய்கின்றனர். சட்டம் கேளாததைத் தள்ளி வைக்கின்றனர்.

அரசு உதவுமன்றோ எனக் கேட்போர் உளர். அரசு உதவியதும் உண்மை. ஆழிப்பேரலையின்பின், முற்றாக அழிந்த வீட்டைத் தாமே கட்டிக்கொள்வோர்க்கு 2,50,000 ரூபாவும், பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு 1,00,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்பட்டன. தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக 2016 ஆம் ஆண்டில் அரசு தொடக்கிய இயற்கை இடர்க் காப்புறுதித் திட்டம், வீடொன்றின் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை வழங்க ஏற்பாடு செய்தது. இவை பாராட்டுக்குரியன. ஆயினும் அரசின் உதவி அன்றைய திறைசேரியின் நிலையையும், அன்றைய கொள்கையையும், விண்ணப்பித்தோர் தொகையையும் பொறுத்தது. அதன் அளவை வீட்டுக்காரன் முன்கூட்டி அறிய இயலாது. காப்புறுதியோ ஒப்பந்தம்; அதன்படி பெறுவது உரிமை. மேலும், தனி வீடொன்று மின்னொழுக்கினால் எரிந்தாலும், கள்வரால் உடைக்கப்பட்டாலும், பேரிடர் நிவாரணத் திட்டம் எதுவும் அவ்வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

இனி அவ்வொப்பந்தத்தின் தன்மையை நோக்கலாம். வீட்டுக் காப்புறுதி இரு கூறுடையது. கட்டடம் ஒரு கூறு. உள்ளிருக்கும் பொருள்கள் மற்றொரு கூறு. கட்டடம் என்பதில் சுவர், கூரை, கதவு, நிலையான மின்னிணைப்பு, பத்திரத்திற் குறிக்கப்பட்டால் மதிலும் கிணறும் அடங்கும். காணி அடங்காது, ஏனெனின் காணி எரிவதில்லை. பொருள்கள் என்பதில் தளவாடம், பாத்திரம், உடை, தையல் இயந்திரம், தொலைக்காட்சி, கணினி, நூல்கள் முதலியன அடங்கும். நகைக்கு வரையறை உண்டு. பணமும் உறுதிகளும் பெரும்பாலும் விலக்கப்படும். தீயும் மின்னலும் அடிப்படைப் பத்திரத்திலேயே இடம்பெறும். சூறாவளி, வெள்ளம், கடற்பெருக்கு, நிலநடுக்கம் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும். வாவிக்கரையில் வெள்ளமும் சூறாவளியும் விலக்கப்பட்ட பத்திரத்தை வாங்குதல், மழைக்குக் குடை வாங்கித் துணியைக் கழற்றி வைத்தலை ஒக்கும்.

இரண்டாவதாக, காப்புறுதி இழப்பை ஈடு செய்வதே, இலாபம் தருவதன்று. அதனால் காப்புறுதி செய்வோனுக்கு அப்பொருள் அழிந்தால் இழப்பு நேரும் தொடர்பு இருத்தல் வேண்டும். இதனைக் காப்புறுதிக்குரிய உரித்து எனலாம். இவ்விதி சீதன வீடுகள் மிகுந்த இப்பகுதியிற் சிறப்பாக உணர்தற்குரியது. தந்தை தன் பெயரில் வீட்டைக் காப்புறுதி செய்கின்றான். ஈராண்டின்பின் மகளின் மணத்தில் வீட்டைச் சீதன உறுதியாக எழுதிக் கொடுக்கின்றான். கட்டுப்பணத்தை மட்டும் பழையபடி தன் பெயரிற் செலுத்தி வருகின்றான். பின்னர் வீடு எரியுமாயின், தந்தைக்கு அவ்வீட்டில் உரித்தில்லை. மகளுக்கோ பத்திரத்திற் பெயரில்லை. இருவருக்கும் கிடையாமற் போக இடமுண்டு. உறுதியிற் சீவிய உரித்தைத் தந்தை தனக்கென வைத்துக்கொண்டிருப்பின் நிலைமை வேறாகலாம். ஆயினும் வழுவற்ற வழி ஒன்றே. நொத்தாரிசின் முன் உறுதி மாறும் நாளிலேயே காப்புறுதி நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்துப் பத்திரத்தை மகளின் பெயருக்கு மாற்றுதல் வேண்டும். சீதன உறுதியோடு காப்புறுதிப் பத்திரத்தையும் கையளித்தல் வாவிக்கரையின் வழக்கமாக வேண்டுவது. அரசின் அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்டியோரும் தமக்கு உரித்தில்லையென அஞ்சி விலகத் தேவையில்லை; காணியின் நிலையை மறையாது கூறி, ஏற்பார்களா எனக் கேட்டல் போதும்.

மூன்றாவது, பெறுமதி. காப்புறுதித் தொகை மீளக் கட்டும் செலவுக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். குறைத்துக் கூறிக் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிப்போர் பின்னர் ஏமாற்றமடைவர். ஒரு வீட்டை மீளக் கட்ட 80 இலட்சம் ரூபா வேண்டும் எனவும், உரிமையாளன் 40 இலட்சத்துக்கே காப்புறுதி செய்தான் எனவும் கொள்வோம். காற்றில் கூரை போய் 12 இலட்சம் இழப்பு நேருகின்றது. 12 இலட்சம் 40 இலட்சத்துக்கு உட்பட்டதே. ஆகவே முழுவதும் கிடைக்கும் என அவன் எண்ணுவான். ஆயின், வீட்டின் பாதிக்கே காப்புறுதி செய்தானாதலின் இழப்பிலும் பாதியே, அதாவது 6 இலட்சமே கிடைக்கும். மற்றைப் பாதிக்குத் தானே காப்புறுதியாளன் எனக் கருதப்படுவான். இவ்விதி 2022 ஆம் ஆண்டின்பின் இரட்டிப்புக் கவனத்துக்குரியதாயிற்று. அவ்வாண்டில் இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு 70 ஆயிற்று. சீமெந்தும் கம்பியும் ஓடும் விலையேறின. 2022 ஆம் ஆண்டுக்கு முன் குறித்த தொகையை மாற்றாது புதுப்பித்து வருவோர், அறியாமலே தம் வீட்டின் ஒரு பங்கைக் காப்பின்றி விட்டுள்ளனர்.

நான்காவது, வாய்மை. கேட்கப்படும் வினாக்களுக்கு மறையாது விடையளித்தல் இவ்வொப்பந்தத்தின் உயிர்நிலை. வீட்டின் ஒரு பகுதி கடையாக இயங்குவதையோ, சமையற்கட்டு கிடுகால் வேயப்பட்டிருப்பதையோ, முன்னர் வெள்ளம் புகுந்ததையோ மறைத்தால், இழப்பு நேர்ந்த நாளில் அம்மறைப்பே இழப்பீட்டுக்குத் தடையாகும். பல பத்திரங்களில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாது பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பு நின்றுவிடும் என்னும் விதியும் உண்டு. பிள்ளைகளோடு வெளிநாடு சென்று தங்குவோர் மிகுந்த இக்காலத்தில் இதனை அறிந்திருத்தல் நன்று. வங்கிக் கடனிற் கட்டிய வீட்டுக்கு வங்கியே காப்புறுதி கோரும். அதனால் தம் வீடு முழுவதும் காக்கப்பட்டது எனப் பலர் கருதுவர். அது கட்டடத்துக்கு உரியதாக இருக்கும். பொருள்களுக்கு உரியதாக இராது. இழப்பீட்டில் முதற்கை வங்கியினது.

இதுவரை கூறியவை சொந்த வீட்டார்க்கு உரியன. வாடகை வீட்டார், வீடே எமதன்று, எமக்கெதற்குக் காப்புறுதி என்பர். இக்கூற்றில் ஒரு பாதியே உண்மை. வீடு அவருடையதன்று, வீட்டினுள் இருப்பவை அவருடையவை. வீட்டுக்காரர் தம் கட்டடத்துக்குக் காப்புறுதி செய்திருப்பினும், குடியிருப்போரின் ஒரு நாற்காலியும் அதில் அடங்காது. இடமாற்றத்தில் மட்டக்களப்புக்கு வந்த ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தார் ஆகியோர் நகரிலும் சூழலிலும் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். உறவினர் அயலில் இல்லாமையால், முற்கூறிய ஊருதவியும் இவர்க்கு அரிது. தாழ்ந்த தெருக்களில் முழங்காலளவு நீர் ஏறினால், சுவர் நிற்கும். மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் கணினியும் நூல்களும் போய்விடும். கட்டடம் சேதமின்றி நிற்பதால் வீட்டுக்காரருக்கு இழப்புச் சிறிது. குடியிருப்போருக்கே இழப்புப் பெரிது. பொருள்களுக்கு மாத்திரம் செய்யும் காப்புறுதிக்குக் கட்டுப்பணமும் அதற்கேற்பச் சிறிதேயாகும். குடியிருப்போரின் கவனக்குறைவால் வீட்டுக்காரரின் கட்டடம் எரியுமாயின் அதற்குப் பொறுப்பேற்கும் பிரிவையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்புறுதிக்கு எதிராக எழும் தடைகளையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். ஊழின்படி வருவதை எவர் தடுப்பர் என்பது ஒன்று. காப்புறுதி வருவதைத் தடுக்கும் என எவரும் கூறார். வந்தபின் மனைவி மக்களைத் தாங்கும் கடமை இல்வாழ்வானிடமே எஞ்சி நிற்கின்றது. அக்கடமைக்கு முன்னேற்பாடு செய்தல் ஊழை மறுத்தலாகாது. வட்டியும் ஐயமும் கலந்த ஒப்பந்தங்களைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் மக்களுக்கு, பங்களிப்பு நிதியாக அமைந்த தகாபுல் முறை இலங்கையிலும் உண்டு. நிலையங்கள் வாங்கும்போது சிரிக்கும், கொடுக்கும்போது முகம் சுளிக்கும் என்பது மற்றொரு தடை. இக்குறை சில வேளைகளில் உண்மையே. ஆயினும் மறுப்புகளுட் பல, மேலே கூறிய பெயர், பெறுமதி, வாய்மை, விலக்கு ஆகிய நான்கில் ஒன்றைப் பற்றியே எழுகின்றன. அநீதி நேர்ந்ததென எண்ணுவோர் முறையிட, 2005 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட காப்புறுதி ஒம்புட்சுமன் அலுவலகமும், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உள்ளன.

மூன்றாவது தடை மிகக் கடியது. இப்பகுதியில் வீடுகளை அழித்தவை காற்றும் நீரும் மாத்திரமல்ல. பல்லாண்டுப் போரும் கலவரமும் அழித்த வீடுகள் எண்ணிறந்தன. போரினால் நேரும் அழிவைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக விலக்குகின்றன. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர் இத்தகைய இடரை ஏற்கத் தயங்கினர். அதனால் 1987 ஆம் ஆண்டில், வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் கிளர்ச்சி, பயங்கரவாதம் ஆகியவற்றுக்கெனத் தனி நிதியம் ஒன்றை அரசு அமைத்தது. மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தி இக்காப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். கேளாதோர்க்கு அது கிடைப்பதில்லை. போர் தந்த இழப்புக்குக் காப்புறுதி விடையாகவில்லை என்பது மெய். அதன் விடை வேறிடத்தில் தேடற்பாலது. எனினும் ஓரிடருக்கு மருந்தில்லை என்பதால் மற்றோரிடருக்குள்ள மருந்தையும் கைவிடல் அறிவுடைமையன்று.

இறுதியாக ஒரு குறையையும் சொல்லாது விடலாகாது. களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாகிய வீட்டைக் காப்புறுதி நிலையங்கள் ஏற்கத் தயங்கும். ஏற்பினும் கட்டுப்பணம் மிகும். காப்பு மிகத் தேவையானோர்க்கே காப்பு அரிதாகின்றது. தனித்தனியே செல்ல இயலாத இவர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் ஆகியவற்றின் வாயிலாகக் கூட்டாகப் பேசிக் குழுக் காப்புறுதி பெற முயலலாம். சீட்டை நாணயத்தோடு நடத்தப் பழகிய மக்களுக்கு இது இயலாததன்று. பழைய மாணவர் சங்கங்களும் கோயிற் பரிபாலன சபைகளும் இம்முயற்சிக்கு வழிகாட்டலாம். ஆசிரியர்கள் உயர்வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவைக் கற்பிக்கும்போதும், வணிகக் கல்வியில் ஒப்பந்தங்களைக் கற்பிக்கும்போதும், உள்ளூர் வீட்டையும் உள்ளூர் வெள்ளத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

வீட்டார் உடனே செய்யக்கூடியவை சில. வீட்டை மீளக் கட்டும் செலவை மேசன் ஒருவரிடமோ பொறியியலாளரிடமோ கேட்டு எழுதி வைத்தல். அறை அறையாகப் பொருள்களின் பட்டியலும் புகைப்படமும் எடுத்தல். உறுதி, பத்திரம், பட்டியல் ஆகியவற்றின் படிகளை வாவிக்கு அப்பாலுள்ள உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தல். பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் தொகையைச் சரிபார்த்தல். இழப்பு நேர்ந்தால் நிலையத்துக்குத் தாமதமின்றி அறிவித்து, பார்வையாளர் வருமுன் இடிபாட்டை அகற்றாது படமெடுத்து வைத்தலும், களவாயின் பொலிசில் முறையிடலும் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, ஒரு விடுமுறை நாள் போதும்.

பெற்றோர் இருபதாண்டு உழைத்து மகளுக்கென ஒரு மனையை எழுப்புகின்றனர். அது நிற்கும் நிலத்தின் கிழக்கே கடலும் மேற்கே வாவியும் என்பதை அவர்கள் நன்கறிவர். அறிந்தும் அவ்விடத்திலேயே கட்டுகின்றனர். ஏனெனின் அவர்தம் குடியும் கோயிலும் தொழிலும் அவ்விடத்திலேயே உள்ளன. கடலையும் வாவியையும் அவர்களால் விலக்க இயலாது. அவற்றால் வரும் இழப்பை ஒரு குடும்பம் தனித்துச் சுமக்காதபடி செய்தல் இயலும். பழங்காலத்தில் அச்சுமையைத் தாங்கக் குடியும் ஊரும் போதுமாயிருந்தன. இன்று அக்குடியை நாடளவுக்கும் உலகளவுக்கும் விரித்துக் கொள்ளும் வழி காப்புறுதியே. வருகின்ற ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் தம் பத்திரத்தை எடுத்துப் படிப்பாராக. இல்லாதார் ஒன்றைப் பெற முயல்வாராக.